எந்தப் பெருக்கியை வாங்குவது?

வடமராட்சியிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியுள்ள கடிதத்திற்கு இவ்வாரப் பகுதி முழுவதையும் ஒதுக்குகின்றோம். கடிதம் ஒருவருடையதாயினும், அதில் எழுந்துள்ள கேள்வி மின்கிற்றார் பயிலும் பிள்ளைகள் உள்ள வேறு பல வீடுகளுக்கும் உரியதே.

அம்மாணவரும் நண்பர் மூவரும் ஓர் இசைக்குழு அமைத்திருக்கின்றனர். ரொறன்ரோவில் வாழும் அவருடைய மாமா, தாயாரின் தமையனார், கப்பலில் வரும் பெட்டியோடு வால்வுப் பெருக்கி ஒன்றைப் பழையதாய் வாங்கி அனுப்ப இசைந்துள்ளாராம். ஒன்றேதான், இரண்டாம் முறை கேட்க இயலாது. மாணவர் பலவற்றையும் ஆராய்ந்து, பீவி 5150, மேசா பூகி டூவல் றெக்ரிபயர் என்னும் இரண்டளவில் வந்து நிற்கின்றார். குழுவினர் இரு பிரிவாகிவிட்டனர். தகப்பனார் இரண்டும் இரைச்சலே என்கின்றார். தாயார் காதுக்கும் மின்சாரத்திற்கும் அஞ்சுகின்றார். “எங்கள் விருப்பம் விரைவான மெற்றல் இசை, ஆனால் பாடசாலை விழாக்களில் மெல்லிசைப் பாடல்களுக்கும் நான்தான் கிற்றார் வாசிக்கின்றேன்” என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கின்றது. இவ்வரியை அவர் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். தாயாரின் அச்சமும் நியாயமானதே; அதற்குப் பின்னர் வருவோம்.

பெற்றோரின் பொருட்டு முதலில் சிறிது விளக்கம் வேண்டும். திரான்சிஸ்டர் பரவுமுன் வீட்டு வானொலிப் பெட்டியின் பின்புறத்தில் தணல் போல ஒளிர்ந்த கண்ணாடிக் குமிழ்களைப் பாட்டனார், பாட்டிமார் மறந்திருக்கமாட்டார்கள். அவையே வால்வுகள். சூடேறிய தகட்டிலிருந்து புறப்படும் இலத்திரன்களை, இடையே நிற்கும் ஒரு கம்பிவலை தடுத்தும் விடுத்தும் ஆளுகின்றது. வலையில் ஏற்படும் சிறு அசைவு மறுபுறத்தில் பேரசைவாகின்றது. இன்றைய கிற்றார்ப் பெருக்கிகளின் முற்பகுதியில் பெரிதும் வழங்கும் 12ஏஎக்ஸ்7 என்னும் சிறு வால்வின் ஒரு பாதி, தன்னிடம் வரும் குறியை ஏறத்தாழ ஐம்பது, அறுபது மடங்காக்கும். இத்தகைய மூன்று நான்கு படிகளை அடுத்தடுத்து வைத்தால் என்ன நேரும்? ஓரிடத்தில் வால்வால் மேலும் உயர இயலாது போகின்றது. அலையின் உச்சி மழுங்கித் தட்டையாகின்றது. இதனைத் திரிபு என்பர்.

வானொலி செய்பவர்க்குத் திரிபு குற்றம். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கரகரத்தால் நாம் முகஞ் சுளிப்பதும் இதனாலேயே. றொக் இசையின் கிற்றார்க்காரர்க்கோ அதுவே வேண்டப்படும் பண்டம். உச்சி மழுங்கிய அலையிலே மேற்சுரங்கள் பல புதிதாகத் தோன்றுகின்றன. அன்றியும், தந்தியின் அதிர்வு பாதியாய்த் தேய்ந்த பின்னும் அலை கூரையைத் தொட்டபடியே இருத்தலால் ஒலி குறைவதில்லை. மீட்டிய சுரம் வயலினில் வில் இழுத்ததுபோல நீண்டு நிற்கின்றது. தகப்பனார் இரைச்சல் என்று கேட்பதில் இந்த நீட்சியும் அடங்கியிருக்கின்றது. ஒருமுறை அதற்கெனவே செவிகொடுத்துப் பார்ப்பாராக.

இனி இரு பெருக்கிகளின் பிறப்பு. மேசா பூகியை நிறுவியவர் றண்டல் சிமித். 1960களின் இறுதியில் கலிபோர்னியாவில், பெண்டர் கம்பனியின் ‘பிறின்ஸ்ரன்’ என்னும் சிறு பெருக்கிகளுக்குள்ளே பெரிய பெருக்கியின் உறுப்புக்களைப் புகுத்திக் கொடுத்தவர். கார்லோஸ் சந்தானா அவற்றுள் ஒன்றை வாசித்துப் பார்த்துச் சொன்ன பாராட்டிலிருந்தே ‘பூகி’ என்னும் பெயர் வந்ததாகச் சொல்லுவர். முன்படிகளை ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்கித் திரிபை வேண்டியபடி வரவழைக்கும் முறைக்கு அவர் பெயர் பெற்றவர். அவருடைய கம்பனி பெற்றலூமா நகரில் வளர்ந்து, 2021இல் கிப்சன் கம்பனியின் கைக்குச் சென்றது. டூவல் றெக்ரிபயர் வெளிவந்தது 1990களின் தொடக்கத்தில்.

பீவி, மிசிசிப்பி மாநிலத்து மெரிடியன் ஊரில் ஹாட்லி பீவி 1965இல் தொடங்கிய கம்பனி. 5150 பெருக்கி 1992இல் எடி வான் ஹேலனுக்காகவும் அவரோடு சேர்ந்தும் அமைக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஜேம்ஸ் பிறவுண். 5150 என்பது வான் ஹேலனின் வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயர். தமக்கோ பிறர்க்கோ ஊறு விளைக்கக்கூடிய மனநோயாளரை 72 மணி நேரம் தடுத்துவைக்க இடந்தரும் கலிபோர்னியச் சட்டப் பிரிவின் எண்ணும் அதுவே. பிள்ளை அப்பெயரை விரும்பிக் கேட்கும்போது பெற்றோர் பொருள் விசாரியாதிருப்பது நலம்! 2004இல் வான் ஹேலன் பீவியை விட்டுப் பிரிந்தார். பெயர் அவரோடு போயிற்று, பெருக்கி நின்றது. கம்பனியின் நாற்பது ஆண்டுகளைக் குறித்து அதற்கு 6505 என்று பெயரிட்டனர், 1965இலும் 2005இலும் உள்ள இறுதி எண்களைச் சேர்த்து. ஆதலால் 6505 என்று எழுதிய பெட்டியைக் கண்டு மாமா வேறொன்றென எண்ணித் திரும்பிவிடலாகாது. எடி வான் ஹேலன் 2020 ஒக்டோபரில் காலமானார்.

இவ்விரண்டையும் எதிரெதிர்ப் பகைவராக நண்பர்கள் பேசுவதாகத் தெரிகின்றது. உண்மையில் இவை ஒன்றுவிட்ட சகோதரர்கள். மைக் சோல்டானோ என்பவர் 1987இல் வெளியிட்ட சுப்பர் லீட் ஓவர்டிறைவ் என்னும் 100 உவாற்றுப் பெருக்கியின் சுற்றுப்படத்தையும், இவ்விரண்டின் முன்பகுதிப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு உறவு விளங்கும். மூன்றிலும் ஒரு வால்வுப் படியின் அடியில் 39,000 ஓம் தடை இருக்கின்றது. வழக்கமாக அவ்விடத்தில் ஓரிரண்டாயிரம் ஓம் அளவே இருக்கும். தடை மிகுந்தமையால் அவ்வால்வு ஏறக்குறைய உறங்கும் நிலையில் நிற்கின்றது. வரும் அலையின் ஒரு பாதியை விடுத்து மறுபாதியை வெட்டிவிடுகின்றது. இவ்வகைப் பெருக்கிகளின் தனிக் குரலுக்கு இந்த ஒருபக்க வெட்டும் ஒரு காரணம். வான் ஹேலனும் 5150க்கு முன்னர் சோல்டானோவை வாசித்தவரே. இரண்டிலும் வலு தருபவை 6எல்6 இனத்துப் பெரிய வால்வுகள் நான்கு. அந்த வால்வு 1936இல் ஆர்சிஏ கம்பனி வெளியிட்டது; இன்றும் செய்யப்படுகின்றது.

முன்பகுதி இவ்வளவு ஒத்திருக்க, ஒலி வேறுபடுவது எங்கே? பெரும்பாலும் பின்பகுதியில், வலுப்படியில். இதனைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். தேர்வு இதிலேதான் தங்கியிருக்கின்றது.

பெருக்கியின் வெளிவாயிலிலிருந்து சிறு பங்கை எடுத்து, தலைகீழாக்கி, வலுப்படியின் தொடக்கத்திற்கே திருப்பி அனுப்பும் ஒரு வழி உண்டு. எதிர்ப் பின்னூட்டல் என்பது இதுவே. குதிரையின் கடிவாளத்தைப் போன்றது. ஒலிபெருக்கியின் கூம்பு தன் இயல்பின்படி ஆடத் தொடங்குமிடத்தில் இக்கடிவாளம் அதனைப் பிடித்து நிறுத்துகின்றது. பன்னிரண்டு அங்குலக் கிற்றார் ஒலிபெருக்கி ஒவ்வொன்றிற்கும் மந்தர ஒலியில் தானே அதிர விரும்பும் ஓரிடம் உண்டு. கடிவாளம் இறுகியிருந்தால் அவ்விடத்தில் கூம்பு சொற்படி கேட்கும். தளர்ந்திருந்தால், கை நிறுத்திய பின்னும் ஒரு கணம் முழங்கும்.

5150 கடிவாளம் உள்ள பெருக்கி. அதன் ‘றெசனன்ஸ்’ என்னும் திருகு, மந்தர ஒலியில் மட்டும் கடிவாளத்தை எவ்வளவு தளர்த்துவது என்பதை வாசிப்பவரிடமே விட்டுவிடுகின்றது. உச்ச ஒலிக்கு அவ்வாறே ‘பிறெசன்ஸ்’ திருகு. றெக்ரிபயரின் சிவப்புச் சனலில் ‘மொடேண்’ என்னும் நிலையை வைத்தாலோ பின்னூட்டலே அகற்றப்படுகின்றது. குதிரை அவிழ்த்துவிடப்படுகின்றது. மந்தரம் அகன்று பெருகுகின்றது, உச்சம் கரடுமுரடாகின்றது, அறை முழுவதும் நிறைந்தாற் போலிருக்கின்றது. மெதுவான கனத்த இசைக்கு இதற்கு நிகர் அரிது. 1990களிலும் 2000த்தைச் சுற்றியும் அமெரிக்க றொக் இசையில் கேட்ட அகன்ற சுவர் போன்ற கிற்றார் ஒலியில் றெக்ரிபயருக்குப் பெரும் பங்குண்டு. லிங்கின் பார்க் குழுவின் 2000ஆம் ஆண்டு ‘ஹைபிறிட் தியறி’ அவ்வொலிக்குப் பலரும் அறிந்த சான்று.

ஆனால் விரைந்து வாசிக்கும்போது? வலது உள்ளங்கையைத் தந்திகளின் அடியில் அழுத்திக்கொண்டு பதினாறாம் பங்குத் தாளத்தில் வெட்டி வெட்டி வாசிப்பது மெற்றல் இசையின் உயிர். ஒவ்வொரு வெட்டுக்குமிடையில் மௌனம் வேண்டும். அம்மௌனத்தை றெக்ரிபயரின் முழக்கம் நிரப்பிவிடுகின்றது. 5150இல் வெட்டு வெட்டாகவே நிற்கின்றது. நண்பர்களுள் 5150இன் பக்கம் நிற்பவர்கள் கேட்டது இதனைத்தான்; அவர்கள் செவி பொய்க்கவில்லை.

‘றெக்ரிபயர்’ என்றால் சீராக்கி. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் உறுப்பு அது. இப்பெருக்கியில் பெயருக்கேற்ப இருவகைச் சீராக்கிகள் உண்டு: 5யூ4 என்னும் வால்வுகள் இரண்டு ஒருபுறம், சிலிக்கன் ஒருபுறம். ஒரு சுவிட்சால் மாற்றிக்கொள்ளலாம். பெருஞ்சுமை வரும்போது வால்வுச் சீராக்கி சற்றுத் தளர்ந்து கொடுக்கும். சுரத்தின் தொடக்கம் மெத்தையில் விழுந்ததுபோல் இருக்கும். சிலிக்கன் தளராது. இன்னொரு சுவிட்சு உள்ளே மின்னழுத்தத்தையே சிறிது தாழ்த்தும். விற்பவர்கள் இவ்விரு சுவிட்சுக்களையும் பற்றி நிரம்பப் பேசுவார்கள். நாம் கூறுவது, இத்தளர்ச்சி பெரிதும் தெரிவது பெருக்கியை உரக்கத் திறந்து வலுப்படி உழைக்கும்போதே என்பது. வீட்டறையில் தாழ்ந்த ஒலியில் இரண்டிற்கும் வேறுபாடு கண்டுபிடிப்பவர் விருப்பத்தால் கண்டுபிடிக்கின்றார்.

சனல்களின் அமைப்போ தாழ்ந்த ஒலியிலும் வேறுபடும். தொடக்கத்து 5150இல் ‘றிதம்’, ‘லீட்’ என இரு சனல்கள் இருந்தும், மந்தரம், நடு, உச்சம் ஆகியவற்றின் திருகுகள் இரண்டிற்கும் பொது. ஒன்றிற்குப் பொருந்த வைத்தால் மற்றது கெடும். திரிபில்லாத தெளிந்த ஒலியும் அதனிடம் சிறப்பாக இல்லை. கிற்றாரின் குமிழைக் குறைத்து ஒருவாறு பெறலாம். லீட் சனலில் கையை எடுத்தவுடன் மழை பெய்வது போன்ற இரைச்சலும் உண்டு. றெக்ரிபயரில் ஒவ்வொரு சனலுக்கும் திருகுகள் தனித்தனி. தெளிந்த ஒலி மெல்லிசைக்கு அழைத்துச் செல்லத்தக்கது, குறிப்பாக மூன்று சனல்களுடன் பின்னர் வந்த அமைப்பில்.

இத்தகைய தேர்வில் குணங்களை எண்ணிக்கொண்டிருத்தல் பயன்படாது. இரண்டும் பேர்பெற்றவை, இரண்டிலும் குணம் நிறைய உண்டு. குற்றங்களை எடுத்துக்கொண்டு, எந்தக் குற்றத்தை வெளியிலிருந்து திருத்தலாம் என்று பார்ப்பதே வழி. றெக்ரிபயரின் தளர்ந்த மந்தரம் திருத்தக்கூடிய குற்றம். கிற்றாருக்கும் பெருக்கிக்கும் நடுவே ‘ரியூப் ஸ்கிறீமர்’ இனத்துச் சிறு கால்மிதிப் பெட்டி ஒன்றை வைத்து, அதன் திரிபுத் திருகை ஏறத்தாழ மூடி, அளவுத் திருகை உயர்த்தினால் போதும். அப்பெட்டி ஏறத்தாழ 720 சுழற்சிக்குக் கீழே தன் பெருக்கத்தைப் படிப்படியாகக் குறைப்பது. மந்தரம் பெருக்கியை அடையுமுன்பே மெலிந்துவிடும்; வெட்டுக்கள் கூர்மை பெறும். மெற்றல் குழுக்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் உபாயம் இது. ஒரு கையில் அடங்கும் பெட்டி. பெருக்கியோடு ஒப்பிட்டால் விலை அற்பம். 5150இன் இரைச்சலுக்கும் அவ்வாறே ஒரு வாயிற்பெட்டி உண்டு. ஆனால் அதன் பொதுத் திருகுகளையும், மெல்லிசைக்கு உதவாத தெளிவொலியையும் எந்தப் பெட்டி திருத்தும்? பின்னர் வந்த 5150 II என்பதிலும், பெயர் மாறிய பின் அதன் வழிவந்த 6505 பிளஸிலும் இரு சனல்களுக்கும் திருகுகள் தனியே அமைந்தன. இது நடுவழி. மாமாவின் கண்ணில் அது பட்டால் முதற்சொன்ன 5150ஐவிட நம் மாணவருக்கு நன்று.

ஆகவே விலை ஒத்திருந்தால் றெக்ரிபயரையே வாங்கச் சொல்லுவோம். விரைவான இசை ஒன்றையே வாசிப்பவராயின் மறுபேச்சின்றி 5150 என்றிருப்போம். விழா மேடை ஒன்று இருக்கின்றதே!

ஆனால் விலை ஒத்திருப்பது அருமை. பழைய சந்தையில் 6505 பெயர் பூண்டவை பெரும்பாலும் றெக்ரிபயரைவிட மலிவாய்க் கிடைக்கும். இவ்விடத்தில் மாணவர் கேளாத ஒரு கேள்வியை நாம் கேட்க வேண்டியிருக்கின்றது. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு என்ன ஏற்பாடு? இவ்விரண்டும் தலைகள் மாத்திரமே; தாமாக ஒலி எழுப்பா. கிற்றார் ஒலிபெருக்கி ஏறத்தாழ 5,000 சுழற்சிக்கு மேலுள்ள ஒலியைப் பெரிதும் விழுங்கிவிடுவது. திரிபின் மேற்சுரங்களில் செவியை அறுப்பவற்றை நீக்கித் தருவது அதுவே. விழாக்களுக்கு வாடகைக்கு வரும் சாதாரண ஒலிபெருக்கியை இத்தலையோடு பொருத்தினால், ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய குரல் தேனீக்கூடு கலைந்ததுபோல் கேட்கும். ஒலிபெருக்கி எரிந்துபோதலும் கூடும். நல்ல ஒலிபெருக்கியோடு 5150, ஏதோ ஒன்றோடு றெக்ரிபயர் என்று இரண்டையும் வைத்துக் கேட்டால் முன்னதே வெல்லும். ஆதலால் மாமாவிடம் கேட்க வேண்டியது இது: விலை வித்தியாசம் பன்னிரண்டு அங்குலக் கிற்றார் ஒலிபெருக்கிகள் இரண்டின் விலைக்கு ஈடாகுமா? ஆகுமென்றால் 5150 இனத்தில் ஒன்றையும், அவ்வொலிபெருக்கி இரண்டையும் அனுப்பச் சொல்லுக. பெட்டி மரவேலையே. 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் ஊர்த் தச்சர் செய்து தருவார். கப்பற் கூலியும் மிஞ்சும். இரு ஒலிபெருக்கிகளும் சேர்ந்து எத்தனை ஓம் என்று கணக்கிட்டு, பெருக்கியின் பின்புறத்தில் அதே எண்ணில் இணைக்க வேண்டும். ஒலிபெருக்கி இணையாமல் வால்வுப் பெருக்கியை ஒருபோதும் வாசிக்கலாகாது. வெளிவாயில் நிலைமாற்றி கெடும். அதனை மாற்றுவது பெருஞ்செலவு.

இனித் தாயாரின் அச்சங்கள். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 உவோற்று, 60 சுழற்சி. இலங்கையில் 230 உவோற்று, 50 சுழற்சி. அங்கே வாங்கியதை இங்கே நேரே சொருகினால் முதல் நிமிடத்திலேயே வேலை முடிந்துவிடும். 230ஐ 120 ஆக்கும் நிலைமாற்றி, அதாவது ட்றான்ஸ்போமர், தனியாக வேண்டும். இப்பெருக்கிகள் உழைக்கும்போது நூற்றுக்கணக்கான உவாற்று இழுப்பவை. ஆதலின் 1,000 உவாற்று அளவுள்ள, செப்புக் கம்பி சுற்றிய கனத்த நிலைமாற்றியே பொருந்தும். பயணிகள் தலைமயிர் உலர்த்த வாங்கும் இலேசான மின்மாற்றும் பெட்டி இதற்கு ஆகாது. 60 சுழற்சிக்கென்று செய்த கருவி 50இல் சற்று மிகுதியாகச் சூடேறும். பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி வையாமல் காற்றுக்கு வழிவிடுக. மூன்றாம் முனையாகிய நிலத்தொடுப்பு, வீட்டுச் சொருகியிலிருந்து நிலைமாற்றி வழியாகப் பெருக்கி வரை அறாமல் வர வேண்டும். இரைகின்றதென்று சிலர் அம்முனையை வெட்டிவிடுவர். தந்தியைத் தொட்டபடி ஒலிவாங்கியில் வாய்வைத்துப் பாடும் பிள்ளைக்கு அது உயிராபத்து.

பெருக்கியின் உள்ளே 400 உவோற்றுக்கு மேற்பட்ட நேரோட்ட அழுத்தம் இருக்கின்றது. சொருகியைக் கழற்றிய பின்னும் கொள்ளளவிகள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். இயற்பியல் படிக்கின்றேன் என்று மாணவர் மூடியைத் திறக்க வேண்டா. பழைய வால்வு வானொலிகளைத் திருத்திய முதியவர் ஒருவர் அயலில் இருப்பாராயின் அவரை அழைத்துக் காட்டுக. இவ்வேலையின் முறைகளை அறிந்தவர்கள் அவர்களே.

காது பற்றிய கணக்கு பெற்றோரைவிடப் பிள்ளையையே திடுக்கிடச் செய்ய வேண்டும். ஒன்று 100 உவாற்று, மற்றது 120 உவாற்று என்று நண்பர்கள் வாதிடுகின்றனராம். அவ்வித்தியாசம் ஒரு தெசிபெல்கூட இல்லை, செவிக்குப் புலப்படாது. மேசா பெட்டிகளில் வரும் செலெஸ்ரியன் ‘வின்ரேஜ் 30’ என்னும் ஒலிபெருக்கி, ஒரேயொரு உவாற்றுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 100 தெசிபெல் ஒலி தருவது. அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனமாகிய நையோஷின் அளவுப்படி, ஒரு நாளில் 85 தெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு மூன்று தெசிபெல் ஏற்றத்திற்கும் நேரம் பாதியாகும். 100 தெசிபெலுக்கு எஞ்சுவது பதினைந்து நிமிடம். ஒரு உவாற்றுக்கே இப்படி! நூறு உவாற்று முழுவதும் திறந்தால் மேலும் இருபது தெசிபெல். உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை. பின்னர் காதில் ஓயாது ஊளையிடும் ஒலியோடு வாழ்நாளைக் கழிக்கும் இசைக்கலைஞர் பலர் உளர். செவியடைப்பான் நால்வருக்கும் வேண்டும், முரசு வாசிப்பவருக்கு முதலில். பெட்டியை ஒருவரின் கணுக்காலை நோக்கித் தரையில் வைத்துவிட்டு ஒலி போதவில்லையென்று திருகை உயர்த்தாமல், மேசை உயரத்தில் சாய்த்து, செவியை நோக்க வைத்தால் குறைந்த அளவே நிறைவாகக் கேட்கும். நல்ல காலமாக இரு பெருக்கிகளின் திரிபும் முன்பகுதியிலேயே பிறப்பது. ஆதலால் முதன்மைத் திருகைத் தாழ்த்தினாலும் குரல் பெருமளவு மாறாது. இரவு ஏழு மணிக்குமேல் அயலவர் முகத்தைப் பார்க்கவும் அது உதவும்.

வாங்குமிடத்தில் மாமா செய்ய வேண்டியவை சில. அவர் கிற்றார் வாசியாதவர் என்று கடிதம் சொல்லுகின்றது; குற்றமில்லை. விற்பவரையே வாசிக்கச் சொல்லி அருகில் நிற்கட்டும். இரு பெருக்கிகளையும் ஒரே கடையில் காண நேர்ந்தால் ஒரே ஒலிபெருக்கிப் பெட்டியில், ஒரே உரப்பில் கேட்க வேண்டும். சற்று உரக்க ஒலிப்பதே நன்றென்று தோன்றுவது செவியின் இயல்பு. கடைக்காரர்கள் அதனை அறிவார்கள். தொலைபேசியில் பதிவுசெய்து அனுப்புவதால் மந்தரத்தின் இறுக்கம் தெரியவராது. இசைத்தட்டில் கேட்டதை நம்பியும் தீர்மானிக்கலாகாது. அங்கே ஒரே பகுதியை இருமுறை, நான்குமுறை வாசித்து அடுக்கியிருப்பர்.

பெருக்கியைச் சூடாக்கி அரைமணி நேரம் விட்டுப் பார்க்கட்டும். அதன்பின் ஒவ்வொரு திருகையும் திருப்புகையில் கரகரப்பு மிகுகின்றதா, சனல் மாறும்போது ஒலி அற்றுப்போகின்றதா, பெரிய வால்வுகளில் ஏதேனும் தகடு சிவந்து எரிகின்றதா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். தகடு சிவந்தால் வாங்க வேண்டா. சனல் மாற்றும் கால்மிதிச் சுவிட்சு கூடவே வருகின்றதா என்று கேட்பதை மறக்கலாகாது. பழைய பெருக்கிகளில் முதலில் தொலைவது அதுதான். 6எல்6 வால்வுகளில் ஒப்பளவு பார்த்த நான்கும், 12ஏஎக்ஸ்7 இரண்டும் மிகையாக வாங்கி அனுப்புதல் விவேகம். இவற்றை இன்று செய்யும் தொழிற்சாலைகள் ரஷ்யா, சிலோவாக்கியா, சீனா முதலிய சில நாடுகளிலேயே இருக்கின்றன. 2022இல் ரஷ்யாவிலிருந்து வரவு தடுமாறியபோது விலை ஏறியது பலருக்கு நினைவிருக்கும்.

பெட்டியில் அடைக்குமுன் வால்வுகளைக் கழற்றி, எது எந்தக் குழியிலிருந்தது என்று எண்ணிட்டு, ஒவ்வொன்றையும் தனியே பஞ்சில் சுற்றி வைக்க வேண்டும். தலை ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ளது. அந்த எடையின் பெரும்பங்கு உள்ளிருக்கும் நிலைமாற்றிகள். அவை இருக்கும் பக்கம் கீழாக வரும்படி அடைத்து, மேலே எந்தப் பக்கம் என்பதைப் பெட்டியின் நான்கு புறமும் எழுதுவித்தல் நன்று.